ஒரே நகரில் இரண்டு ஆயர்கள்

ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேற்றம். அதையொட்டித் தென்சென்னைச் சாலைகளில் காவி உடுத்திய கூட்டம் நடக்கத் தொடங்கிவிடும். ராயபுரம், பெரம்பூர் பக்கமிருந்து வருகிறார்கள். சாந்தோமிலிருந்தும் பரங்கிமலையிலிருந்தும் வருகிறார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் திரளாக வருகிறார்கள். செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் வரை எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது. இவர்களில் யாரும் பக்கத்தில் நடப்பவரிடம் ‘நீங்கள் எந்த ஆயரின் கீழ்?’ என்று கேட்பதில்லை. கேட்கக் காரணமும் இல்லை, இன்று அந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தப் பகையும் இல்லை. ஆனால் 1952 வரை அந்தக் கேள்விக்கு இந்த நகரத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. மூன்று நூற்றாண்டுக்கு மேலாக இரண்டு அதிகாரங்கள் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து இருந்து ஒன்றையொன்று வெறுத்தன. அந்த வெறுப்பில் குருக்களும் இருந்தார்கள், பாமர மக்களும் இருந்தார்கள். அது எப்படி மூண்டது என்பதைவிட எப்படி அடங்கியது என்பதே நமக்குப் பயன்படும். கிறிஸ்தவ வாழ்வில் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மனம் மாற வேண்டும், அதன் பிறகு உறவு மாறும் என்ற வரிசையிலேயே பேசுகிறோம். நம் ஊர்த் திருச்சபைகளின் வரலாறு பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வரிசையைக் காட்டுகிறது. கோபத்தைத் தாங்கி நின்ற ஏற்பாடு முதலில் விழுந்தது; கோபம் அதன் பிறகே, மெல்ல, வடிந்தது.

சாந்தோமைத் தலைமையாகக் கொண்ட மயிலை மறைமாவட்டம் 1606-இல் உருவானது. ஆயரை முன்மொழியும் உரிமை போர்த்துகல் மன்னருடையது. கீழை நாடுகளில் மறைபரப்பும் செலவை ஏற்றதற்காகப் பாப்பரசர்கள் போர்த்துகீசிய அரசுக்கு வழங்கிய இந்த உரிமைக்குப் பதுருவாதோ என்று பெயர். 1622-இல் ரோம் தன் நேரடிப் பொறுப்பில் மறைபரப்புக்காகப் புரோப்பகந்தா என்ற பேராயத்தை நிறுவியது. ஒரே வயலுக்கு இரண்டு பட்டா ஆகிவிட்டது. 1642-இல் எஃப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி, பர்மாவின் பெகுவுக்குப் போகும் வழியில் சென்னையில் இறங்கினார். அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் கோட்டையில் கத்தோலிக்கர்கள் குடியேறிக்கொண்டிருந்தார்கள். சாந்தோம் போர்த்துகீசியக் குருக்களை நம்பியிருக்க விரும்பாத ஆங்கிலேயர் அவரை நிறுத்திக்கொண்டார்கள். கோட்டைக்குள் புனித அந்திரேயா பெயரில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. ஒரு மணி நேர நடைத் தொலைவில் இருந்த சாந்தோமுக்கு இது தன் உரிமையில் கைவைத்த குற்றம். 1649-இல் சாந்தோமுக்கு வந்த எஃப்ரேமைப் போர்த்துகீசியர் பிடித்தார்கள், கப்பலேற்றிக் கோவாவின் மறை விசாரணை மன்றத்துக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவர் அங்கே சிறையில் கிடந்தார். விடுதலையானதும் ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் சென்னைக்கே வந்து, தன்னைப் பிடித்துக்கொடுத்தவர்களுக்கு அடுத்த ஊரில் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். தனி மனிதராக அவர் பழிவாங்கப் புறப்பட்டதாகச் செய்தி இல்லை. ஆனால் அவர் வன்மம் கொள்ளாததால் மயிலைக்கும் கோட்டைக்கும் இடையிலான பகை ஒரு நாள்கூட முன்னதாக முடியவில்லை. அதற்கும் அவர் மனத்துக்கும் தொடர்பு அற்றுப்போயிருந்தது. அது எல்லைக்கோட்டில் இருந்தது, நியமனக் கடிதத்தில் இருந்தது, யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற விதியில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது உச்சத்துக்குப் போனது. 1834-இல் போர்த்துகல் துறவற சபைகளை ஒழித்து ரோமுடன் உறவை முறித்துக்கொண்டது. 1838-இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரி, மயிலை உள்ளிட்ட பழைய மறைமாவட்டங்களின் அதிகாரத்தைப் பறித்து, ரோம் நியமித்த ஆயர்களிடம் கொடுத்தார். போர்த்துகீசிய உரிமையின் பக்கம் நின்ற கோவா ஆதரவுக் குருக்கள் அந்த ஆணையை ஏற்க மறுத்தார்கள். ரோம் தரப்பு அவர்களைப் பிரிவினைக்காரர்கள் என்றது. அவர்கள் தங்களை விசுவாசம் மாறாத பழைய பங்கின் குருக்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களிலும் இதே சண்டை. ஒரே ஊரில் இரண்டு ஆலயம், இரண்டு சாமியார், இரண்டு திருவிழா. இதில் ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கச் சட்டப்படி பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்கக் குருப்பட்டம் மட்டும் போதாது. அந்த இடத்தில் அந்த மக்கள்மீது அதிகாரமும் வேண்டும். அதிகாரமில்லாத குரு கொடுத்த மன்னிப்பு செல்லாது. ஆக, ஒரு தரப்பின் பார்வையில் மறுதரப்புக் குருவிடம் முழந்தாளிட்டுப் பாவத்தைச் சொன்ன மீனவருக்கு மன்னிப்பே கிடைக்கவில்லை. அவர் செய்த திருமணத்தின் மீதும் சந்தேகம் விழுந்தது. கிறிஸ்தவன் தன் கோபத்தையும் குற்றத்தையும் கொண்டுபோய் இறக்கிவைக்கும் இடமே சண்டையின் களமாகிப் போனது. அந்த அரை நூற்றாண்டில் பகைவரை மன்னிக்கச் சொல்லும் பிரசங்கம் இரண்டு பக்கத்துப் பீடங்களிலிருந்தும் வந்திருக்கும். தவக்காலம் தவறாமல் வரும், மன்னிப்பைப் பற்றி அதே வாசகங்கள் தவறாமல் வாசிக்கப்படும். ஆனால் ஞாயிறு காலையில் எந்தக் கோவிலுக்குப் போவது என்று மனிதன் எடுக்கும் முடிவே ஒரு பகைப் பிரகடனமாக இருக்கும்போது, மன்னிப்புப் பிரசங்கம் எங்கே ஒட்டும்?

1886-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் போர்த்துகலோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். மயிலை மறைமாவட்டம் மீண்டும் உயிர்பெற்றது, சென்னை தனி உயர்மறைமாவட்டம் ஆனது. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை, பிரிவினைக்காரர் என்ற பட்டமும் அதோடு போயிற்று. ஆனால் ஏற்பாடு அப்படியே இருந்தது, இன்னும் சொன்னால் சிக்கலானது. மயிலை ஆயரின் ஆட்சி ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. சாந்தோமைச் சுற்றி ஒரு துண்டு, தஞ்சை–நாகைக் கடற்கரையில் ஒரு துண்டு, வங்கத்தில்கூடச் சில ஆலயங்கள். வேளாங்கண்ணி அந்த நாகைத் துண்டுக்குள் இருந்தது. சாந்தோமிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் மயிலை மறைமாவட்டத்துக் குரு வழியெங்கும் வேறு ஆயர்களின் நிலத்தைக் கடந்துதான் தன் ஆயரின் இன்னொரு பகுதிக்குள் நுழைய முடியும். 1896-இல் சாந்தோமில் எழுந்த இன்றைய கோதிக் பாணிப் பேராலயத்தைப் பார்ப்பவர்கள் அப்போஸ்தலர் தோமாவின் கல்லறையை நினைக்கிறார்கள், அது நியாயம். அதோடு, அறுபது ஆண்டுக்குள் பறிக்கப்பட்டுத் திரும்பக் கிடைத்த ஓர் ஆட்சி தன்னை ஊருக்குக் காட்டிக்கொண்ட கட்டடமும் அது. ஆர்மீனியன் தெருவில் சென்னைப் பேராயருக்குத் தனிப் பேராலயம். சமாதானம் கையெழுத்தான பிறகும் இந்த இரட்டை நிலை 66 ஆண்டு நீடித்தது.

1950-இல் போர்த்துகல் தன் முன்மொழியும் உரிமையில் இந்தியப் பகுதியைச் சார்ந்ததை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பர் 13 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் சென்னையையும் மயிலையையும் ஒன்றாக்கினார். தஞ்சை–நாகைப் பகுதி தனி மறைமாவட்டமாகி வேளாங்கண்ணி அதற்குள் போனது. ஒன்றான உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயர் லூயி மத்தியாஸ், ஏற்கெனவே சென்னைப் பேராயராக இருந்தவர். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு செயல் இருக்கிறது. அளவில் பெரிய தரப்பின் தலைவர் அவர். ஆனால் தலைமை ஆலயமாகத் தன் ஆர்மீனியன் தெருப் பேராலயத்தைக் கொள்ளவில்லை. சாந்தோமே தலைமைப் பேராலயம் ஆனது, ஆர்மீனியன் தெரு ஆலயம் இணைப் பேராலயம் ஆனது. பெயரிலும் இரண்டு ஊரும் நின்றன. பழைய பாவங்களுக்கு யாரும் யாரிடமும் பொது மன்னிப்புக் கேட்கும் சடங்கு நடத்தவில்லை. ஆனாலும் இருபது ஆண்டு கழித்து, 1972-இல், பெசன்ட் நகரில் ஆலயம் எழுந்தபோது பழைய பிளவின் கேள்வி அங்கே எழ இடமே இல்லை. கோவா கட்சி, ரோமைக் கட்சி என்ற பேச்சு பெரியவர்களின் நினைவோடு போய்விட்டது. ஒரு காலத்தில் மயிலை ஆயரின் தூரத்துத் துண்டாக இருந்த ஊரின் மாதா, எந்தத் துண்டையும் சேராதவளாகச் சென்னைக் கடற்கரைக்கு வந்தாள்.

இதெல்லாம் நிர்வாகம், இதை மன்னிப்பு என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்கலாம். இந்தியா விடுதலை அடைந்ததும் அயல்நாட்டு அரசின் பிடியில் ஆயர் பதவிகள் இருப்பது முடியாத காரியமாகிவிட்டது, அதனால் நடந்த மாற்றம் இது, இதில் நற்செய்தி எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அரசியல் நெருக்காமல் 1952 வந்திருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1886-இல் சமாதானத்தின் மொழி இருந்தது, பிளவின் ஏற்பாடு மாறவில்லை, கசப்பு தொடர்ந்தது. 1952-இல் மன்னிப்பின் மொழி இல்லை, ஏற்பாடு மாறியது, கசப்பு ஒரு தலைமுறையில் ஓய்ந்தது. உலக அளவிலும் இதைக் காணலாம். 1965 டிசம்பர் 7 அன்று ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் 1054-இல் ஒருவர்மேல் ஒருவர் போட்ட சாபத்தை நீக்கிக்கொண்டன. உள்ளார்ந்த அன்போடு செய்த செயல் அது. ஆனால் இரு சபையாரும் இன்றுவரை ஒரே நற்கருணைப் பந்தியில் சேரவில்லை. சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று பல சீர்திருத்த சபைகள் இணைந்து பிறந்த தென்னிந்தியத் திருச்சபை வேறு வழியில் போனது. 1919-இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்க ஆயர் அசரியாவும் போதகர் சந்தியாகோவும் அழைத்த கூட்டத்திலிருந்து 28 ஆண்டு பேசி, யார் குரு, யாருடைய அபிஷேகம் செல்லும் என்ற கரடுமுரடான கேள்விகளுக்கு முதலில் விடை எழுதினார்கள். ஒப்பாத சபைமேல் எந்தக் குருவையும் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து, முழுமையாக ஒன்றாவதற்கு 30 ஆண்டு அவகாசமும் வைத்தார்கள். கோபம் ஆறுவதற்கு நாள் குறித்துக்கொடுத்த ஏற்பாடு அது. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் 1970-கள் வரை விலகியே இருந்தார்கள். காத்திருக்கவும் இடம் இருந்தது.

இயேசுவின் போதனையிலேயே இந்த வரிசை இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் எழுந்து போக வேண்டும் என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. அங்கே எழுந்து போக வேண்டியவன் கோபப்பட்டவன் இல்லை, கோபத்துக்குக் காரணமானவன். நம் மரபு இதைத் திருப்பிப் போட்டுவிட்டது. தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே, 1580-இல், என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு தமிழ் நூலை அச்சிட்டார் என்பது பெருமைக்குரியது. ஆனால் பாவசங்கீர்த்தனம் ஒவ்வொருவராக வந்து முழந்தாளிடும் இடம். தன் கோபம், தன் வன்மம், தன் பேச்சை நிறுத்திய குற்றம் என்று மனிதன் அங்கே தன்னைத்தான் சோதிக்கிறான். ஊர் முழுதும் சேர்ந்து கட்டிய சுவரை யார் வந்து அறிக்கையிடுவது? சுவரின் இந்தப் பக்கத்தில் தள்ளப்பட்டவன் வந்து, தனக்கு அவர்கள்மேல் கோபம் இருக்கிறது என்று பாவமாகச் சொல்வான். சுவரைக் கட்டியவனுக்குக் கோபமே இல்லை. அவன் நிம்மதியாக நற்கருணை வாங்கிப் போவான்.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் இதற்குக் கண்கண்ட சாட்சி. நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரசு அலுவலர் 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது அந்த ஊரில். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகிய அவர் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் பெயரில் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்ற கோரிக்கையை வத்திக்கானும் ஏற்றது. அப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில்தான், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், வெள்ளாளருக்கு ஒரு நடுக்கூடம், நாடார்களுக்கு ஒரு நடுக்கூடம் என்று கால்சட்டை போல இரண்டாகப் பிரியும் கோவில் எழுந்தது. இரண்டு கூடமும் ஒரே பீடத்தில் வந்து சேரும். பூசை வைக்கும் குருவுக்கு இரு தரப்பும் தெரியும். ஒரு தரப்புக்கு மறுதரப்பு தெரியாது. 1910-இல் கோசானல் என்ற சேசு சபைக் குரு நடுத்தடுப்பை அகற்றினார். வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள்; வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. கிறிஸ்தவக் கோவிலுக்குள் சாதிப்படி தனி இடம் கேட்கும் உரிமையை அந்த மன்றமும் ஏற்கவில்லை.

சுவரை இடித்ததால் கோபம் கூடத்தானே செய்தது, பிறகு எதற்கு இந்த வாதம் என்று யாரேனும் சொன்னால், யாருடைய கோபம் கூடியது என்று பார்க்க வேண்டும். சலுகையை இழந்தவரின் கோபம் கூடியது. அது வழக்காடியது, தோற்றது, அடங்க நாளானது. சுவர் நின்றபோது அவமானப்பட்டவரின் கோபத்துக்கு முடிவுநாளே கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிறும் அது புதுப்பிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. புனித பவுல் எபேசியருக்கு எழுதும்போது கோபத்தையே தடை செய்யவில்லை. பொழுது சாய்வதற்குள் அதற்கு முடிவு வர வேண்டும் என்கிறார். அந்த அறிவுரை கோபப்பட்டவனை மட்டும் கட்டுவதாகவே நாம் வாசிக்கிறோம். பொழுது சாய்வதற்குள் கோபம் தணிய வேண்டுமென்றால், பொழுது சாய்வதற்குள் அதன் காரணமும் தீர வேண்டும். உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனி வழியையும் தனிக் கல்லறையையும் தலைமுறைகளாகச் சகித்தவர்கள். தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. அது நடந்தது தவக்காலத்தில், இரு தரப்பும் ஒரே ஜெபமாலை மாதா ஆலயத்தின் பங்கு மக்களாக இருந்தபோது. அங்கே தலித்துகளின் நீண்ட நாள் கோபத்தை மன்னிக்கத் தெரியாத குணம் என்று எந்த மேய்ப்பராவது சொல்லியிருந்தால் அது பொய்ப் போதனை.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1999 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டி, ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பும் திமொத்தியும் வாகனத்துக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மகன்களுக்கு வயது 10, 6. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலைகாரர்களை மன்னிப்பதாக அறிவித்தார். எதிர்த் தரப்பில் எதுவும் மாறவில்லை, யாரும் வருந்தவில்லை, ஆனாலும் மன்னித்தார். ஏற்பாடு மாறினால்தான் மன்னிப்பு என்றால் இந்தப் பெண்மணியை எங்கே வைப்பது? உயர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். அவருடைய மன்னிப்பு அவருக்குள் கோபம் குடியேறாமல் காத்தது. பாரிபடாவில் தொழுநோயாளிகளோடு மேலும் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றும் பலத்தையும் அதிலிருந்தே அவர் பெற்றார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் என்ன சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மன்னிப்பது தன் காரியம், தண்டிப்பது சட்டத்தின் காரியம் என்று பிரித்தே பேசினார். வழக்கு நடந்தது, 2003-இல் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது. அவருடைய மன்னிப்பு எவருடைய குற்றத்தையும் மறைக்கப் பயன்படவில்லை. அதோடு, அந்த மன்னிப்பை அவர் தானாகக் கொடுத்தார். எந்தப் பீடத்திலிருந்தும் யாரும் அவரிடம் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஒருவர் மனமுவந்து கொடுப்பதைக் காட்டி, அநீதி தொடரும் இடத்தில் இன்னொருவரிடம் கேட்பது அந்தக் கொடைக்குச் செய்யும் அவமரியாதை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அது நல்ல சொல். 1886-இன் உடன்படிக்கையும் நல்ல சொல்தான். அடுத்த தவக்காலத்தில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் தயாரிக்கும் குருக்களும் போதகர்களும் பங்குப் பேரவையினரும் ஒன்று செய்ய வேண்டும். சாம்பல் புதனுக்கு முன் ஒரு நாள் தங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பிறகு திருவிழாச் செலவுக் கணக்கை எடுத்து, தேர் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை என்று பாருங்கள். சுவர் இருந்தால், பிரசங்கத்துக்கு முன் கொத்தனாரை அழையுங்கள்.